ஆளிவிதை எண்ணெய் பூசி முடித்த பின் துடைத்த துணியை என்ன செய்வது?

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் சுவருக்குச் சாயம் அடிப்பதோடு மரச் சாமான்களுக்கும் ஒரு கவனிப்பு நடக்கும். தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி, கூடத்து ஊஞ்சல், சுவாமி மேடை, சாப்பாட்டு மேசை என ஒவ்வொன்றையும் மணல்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, பழைய துணியால் துடைத்து எடுப்பார்கள். தோட்டப்புறங்களில் மண்வெட்டி, கோடரி, கத்தி ஆகியவற்றின் பிடிகளுக்கும் இதே கவனிப்பு உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அப்பா அப்படித்தான் செய்தார். மாலையில் வேலை முடிந்ததும் துடைத்த துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, படிக்கட்டின் அடியில் வைத்தார். இரவு உணவுக்குப் பின் குப்பையை வெளியே கொண்டு போகலாம் என்று நான் அந்தப் பையைத் தூக்கினேன். அடிப்பக்கம் சூடாக இருந்தது. அருகில் அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. "வெயில்ல கெடந்திருக்கும்மா" என்றார் அப்பா. ஆனால் அந்த இடத்தில் எந்த நேரத்திலும் வெயில் விழுவதில்லை.

பையை வெளியே எடுத்துச் சென்று, துணிகளை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினோம். அன்று அதைத் தூக்காமல் படுத்திருந்தால் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மரத்துக்கு எண்ணெய் பூசும் வழக்கமுள்ள எல்லா வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

எந்த எண்ணெய் இது?

ஆளிச் செடியின் விதையைப் பிழிந்து எடுப்பதே ஆளிவிதை எண்ணெய். ஹார்ட்வேர் கடைகளில் 'லின்சீட் ஆயில்' என்று கேட்டால் கிடைக்கும். மரத்துக்குள் ஊறி, மரத்தின் வரிகளை எடுத்துக்காட்டி, மெல்லிய பளபளப்பைத் தருவதால் பல நூற்றாண்டுகளாகத் தச்சர்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஓவியர்கள் எண்ணெய் வண்ணம் குழைப்பதும் இதில்தான். கிரிக்கெட் மட்டை வாங்கியவர்கள் அதற்குப் பூசுவதும் இதே எண்ணெய்.

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று 'ரா லின்சீட் ஆயில்', அதாவது எதுவும் கலக்காத பச்சை எண்ணெய். இது காய்வதற்குப் பல நாள்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட ஆகும். இன்னொன்று 'பாயில்ட் லின்சீட் ஆயில்'. பெயர் காய்ச்சிய எண்ணெய் என்றாலும், இன்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை காய்ச்சப்படுவதில்லை. சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோகங்களின் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். இது ஏறக்குறைய ஒரு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் கூடுதலாக ஒன்றிரண்டு நாள்கள் ஆகலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஈரத்துணி காய்வதும் இந்த எண்ணெய் காய்வதும் ஒன்றல்ல. ஈரத்துணியில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. ஆளிவிதை எண்ணெய் எங்கும் போவதில்லை. அது காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, அதனோடு வினை புரிந்து, மெல்ல மெல்லக் கெட்டியான படலமாக மாறுகிறது. அந்த வினை நடக்கும்போது வெப்பம் வெளியாகிறது.

மேசையின் மேல் மெல்லியதாகப் பூசிய எண்ணெயிலும் இதே வெப்பம் உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அது பரந்த பரப்பு என்பதால் உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் காற்றில் கலந்துவிடும். கையால் தொட்டாலும் தெரியாது. ஆகவே எண்ணெய் பூசிய மேசை தானாகத் தீப்பிடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை.

துணி அப்படியன்று. ஒரு பருத்தித் துணியில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையிலும் எண்ணெய் படிந்திருக்கும்போது காற்று படும் பரப்பு பல மடங்காகிறது. வெப்பமும் அதற்கேற்ப வேகமாக உண்டாகிறது. அந்தத் துணியைக் கசக்கி உருட்டிப் போட்டால், வெளிச்சுற்று ஒரு போர்வையைப் போல உள்வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற வினையும் வேகமாகும். வினை வேகமானால் சூடு இன்னும் ஏறும். இப்படியே போய், ஒரு கட்டத்தில் துணி புகைந்து பற்றிக்கொள்கிறது. தீக்குச்சியோ மின்பொறியோ தேவையில்லை.

இதற்கு ஒரு சில மணி நேரம் போதும். சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். மாலையில் வேலையை முடித்துத் துணியை மூலையில் போட்டவர்கள் ஆழ்ந்து தூங்கும் நேரத்தில் தீ தொடங்கக்கூடும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. நம் நாட்டில் சாதாரண நாள்களிலேயே பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் அது இன்னும் கூடும். சுற்றுப்புறம் சூடாக இருக்க இருக்க, துணிக்குள் உண்டாகும் வெப்பம் வெளியேறுவது கடினம்.

ஓர் அடுக்குமாடியை அழித்த துணிகள்

இது ஏட்டில் மட்டும் உள்ள எச்சரிக்கை என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடம் இருந்தது. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு அதன் 22ஆவது மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியில் மரப் பலகைகளுக்கு மெருகேற்றும் வேலை நடந்திருந்தது. வேலை செய்தவர்கள் விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகள் தாமாகச் சூடேறிப் பற்றிக்கொண்டதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

தீ 18 மணி நேரத்துக்கும் மேலாக எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். மாடி மாடியாக ஏறிய தீ, தானியங்கி நீர்த் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்த 30ஆவது மாடியை எட்டியபோதுதான் தடைபட்டது. அந்தக் கட்டடம் மீண்டும் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. 1999இல் அதை இடித்துவிட்டார்கள். அத்தனைக்கும் தொடக்கம், வேலை முடிந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத துணிகள்.

நம்மவர்களில் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். எண்ணெய்த் துணியைப் பையில் கட்டிப் பொதுக் குப்பைக் குழாயில் போடுவது, நம் வீட்டு ஆபத்தை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்குவது போலாகும்.

பெயரில் மறைந்திருக்கும் எண்ணெய்

"நான் லின்சீட் வாங்குவதே இல்லை, தேக்கு எண்ணெய்தான் பூசுகிறேன்" என்று சிலர் சொல்லலாம். 'தீக் ஆயில்' என்று டின்னில் விற்கப்படுவது தேக்கு மரத்திலிருந்து எடுத்த எண்ணெய் அன்று. தேக்கு மரத்துக்குப் பூசுவதற்கு என்று தயாரிக்கப்பட்ட கலவைக்கு வைத்த பெயர் அது. பொதுவாக அதில் ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய், கொஞ்சம் வார்னிஷ், நீர்க்கச் செய்யும் கரைப்பான் ஆகியவை இருக்கும். 'டேனிஷ் ஆயில்' என்பதும் இதே போன்ற கலவைதான். டங் எண்ணெயும் காற்றோடு வினை புரிந்தே காய்கிறது. ஆகவே இவற்றைத் துடைத்த துணிக்கும் அதே ஆபத்து உண்டு.

டின்னின் பின்பக்கத்தில் துணிகள் தாமாகத் தீப்பிடிக்கலாம் என்ற எச்சரிக்கை பெரும்பாலும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டாவது அதை ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

துணியை என்ன செய்வது?

தீர்வு எளிது. செலவும் இல்லை.

முதல் வழி, விரித்துக் காய வைப்பது. துணியை உதறி, ஒற்றை மடிப்பாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான நிழலில் விரிக்க வேண்டும். சிமெண்டுத் தரை, கம்பி வேலி, இரும்புக் கம்பி ஆகியவை பொருத்தமானவை. மரச் சுவர், காய்ந்த இலைகள், எரிவாயுத் தோம்பு ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். ஒன்றிரண்டு நாள்களில் துணி அட்டை போல விறைத்துவிடும். பச்சை எண்ணெயாக இருந்தால் இன்னும் சில நாள்கள் ஆகும். நன்றாக விறைத்து, பிசுபிசுப்பு இல்லாமல் போன பிறகு வழக்கமான குப்பையில் சேர்க்கலாம்.

இரண்டாம் வழி, தண்ணீரில் மூழ்க வைப்பது. விரிக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்கும், மழை நாளுக்கும் இது ஏற்றது. மூடியுள்ள தகர டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மைலோ டின் போதும். துணிகளைப் போட்டு, அவை முழுவதும் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, மூடி, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது. தண்ணீர் சூட்டைத் தள்ளிப்போடுகிறதே தவிர, எண்ணெயை எடுத்துவிடுவதில்லை. தண்ணீர் வற்றினால் வினை மீண்டும் தொடங்கும். ஆகவே இடம் கிடைத்ததும் அந்தத் துணிகளையும் வெளியே விரித்துக் காய வைத்துவிட வேண்டும்.

துணியைத் தவிர வேறு சிலவும் கவனத்துக்குரியவை. எண்ணெய் பட்ட மரத்தூள், தேய்க்கப் பயன்படுத்திய கம்பி நார், கீழே விரித்த நாளிதழ், தூரிகையைத் துடைத்த காகிதம் ஆகியவற்றையும் குவித்து வைக்கக்கூடாது. கொட்டிய எண்ணெயின் மேல் மரத்தூளைத் தூவி, கூட்டி மூலையில் ஒதுக்குவது சிலருக்குப் பழக்கம். அந்தக் குவியலும் துணிக் குவியலைப் போன்றதுதான். "அப்புறம் எரித்துவிடலாம்" என்று கொட்டகையில் சேர்த்து வைப்பதும் தவறு. மேலும், மலேசியாவில் திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றமாகும்.

துவைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைத்து, எண்ணெய்த் துணியைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடவே கூடாது. சுயசேவை டோபி கடைகளுக்கும் கொண்டு போக வேண்டாம். சாதாரணச் சலவையில் எண்ணெய் முழுவதும் போகாது. மிச்சமிருக்கும் எண்ணெயை இயந்திரத்தின் சூடு தூண்டிவிடும். சூடு ஆறாத துணிகளை எடுத்துக் குவியலாக மடித்து வைத்தால், பிறகும் பற்றிக்கொள்ளலாம். சமையல் எண்ணெய் அதிகம் படிந்த சமையலறைத் துணிகளாலும், எண்ணெய் தேய்த்துத் துடைத்த துண்டுகளாலும்கூட இவ்வாறு தீ உண்டாவது தீயணைப்புத் துறையினர் அறிந்த ஒன்றே. அவற்றைச் சுடுநீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகத் துவைத்து, கொடியில் காய வைப்பதே பாதுகாப்பானது.

புகை வந்துவிட்டால்

துணிப் பை சூடாக இருக்கிறது, ஆனால் புகை இல்லை என்றால், அதை உடனே வெளியே கொண்டு போய் நிறைய தண்ணீர் ஊற்ற வேண்டும். புகை வரத் தொடங்கியிருந்தால் கிளறிப் பார்க்கக்கூடாது. கிளறினால் புதுக் காற்று புகுந்து சட்டென்று தீ எழும்பும். நின்ற இடத்திலிருந்தே தண்ணீரைக் கொட்ட வேண்டும்.

எண்ணெய் டின்னே எரிந்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. எரியும் எண்ணெய் தெறித்துப் பரவும். அதற்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் உலர் மாவுத் தீயணைப்பான் வேண்டும். தீ கைமீறிப் போவதாகத் தெரிந்தால் எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாற்காலியைவிட உயிர் பெரிது.

சுவாமி மேடைக்குப் பூசும்போது

கரைப்பான் கலந்த எண்ணெய்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. டர்பன்டைன், தின்னர் போன்றவற்றின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். நம் நண்பகல் வெப்பத்திலேயே டர்பன்டைன் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடக்கூடியது. ஆகவே சுவாமி மேடைக்கு எண்ணெய் பூசும் நாளில் விளக்கையும் ஊதுவத்தியையும் வேறோர் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பூச்சு முழுவதும் காய்ந்து, வாடை அடங்கிய பிறகே மேடையில் விளக்கு ஏற்றலாம். வேலை நடக்கும் இடத்தில் புகைப்பிடிப்பதும் கூடாது.

காயும்போது எழும் வாடை சிலருக்குத் தலைவலி, கண் எரிச்சல் தரும். சன்னல்களைத் திறந்து வைத்து, அன்றிரவு அந்த அறையில் படுக்காமல் இருப்பது நல்லது. குழந்தைகளும் இளைப்பு நோய் உள்ளவர்களும் தள்ளியே இருக்க வேண்டும். தோலில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் கோபால்ட் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் 'பாயில்ட்' வகையைப் பூசும்போது கையுறை அணிய வேண்டும்.

இதைச் சாப்பிடலாமா?

ஆளிவிதை எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் உண்டு என்பதால் உடல்நலப் பொருள் விற்கும் கடைகளில் உண்பதற்கென்றே அது விற்கப்படுகிறது. விதை ஒன்றுதான். ஆனால் ஹார்ட்வேர் கடை டின்னில் இருப்பதை ஒருபோதும் வாயில் வைக்கக்கூடாது. 'பாயில்ட்' வகையில் உலோக உப்புகள் இருக்கின்றன. 'ரா' என்று எழுதியிருந்தாலும் அது உணவுத் தரத்தில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணெயைச் சமையலறையில் வைப்பதும், பானப் புட்டிகளில் ஊற்றி வைப்பதும் விபத்தை அழைப்பதாகும். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சப்பாத்திக் கட்டை, மரக் கரண்டி, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றுக்குப் பூச விரும்புவோர் உண்பதற்கென விற்கப்படும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, நன்றாகத் துடைத்து, சில வாரங்கள் காய விட்டுப் பயன்படுத்தலாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்கு, நறுக்கும் பலகைக்கென்றே விற்கப்படும் உணவுத் தரக் கனிம எண்ணெய் வசதியானது. அது காய்வதில்லை என்பதால் அதைத் துடைத்த துணி தானாகச் சூடேறுவதும் இல்லை. தேங்காய் எண்ணெய் பூசுவதால் ஆபத்து இல்லை என்றாலும், அது கெட்டிப் படலமாகாமல் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றதா?

வீட்டுக்குள் இருக்கும் மரச் சாமான்களுக்கு ஏற்றதே. ஆனால் ஈரக்காற்றும் மழையும் படும் வாசல் கதவு, வெளித்திண்ணைப் பலகை ஆகியவற்றுக்கு இது மட்டும் போதாது. மழையைத் தாங்கும் வலு குறைவு. பச்சை எண்ணெயின் மேல் பூஞ்சணம் வளர்ந்து மரம் கறுத்துப்போவதும் உண்டு. கறையான் வராது என்று சிலர் நம்புகிறார்கள். இந்த எண்ணெய் கறையானைத் தடுக்காது.

பூசும் முறையிலும் ஒரு சிக்கனம் வேண்டும். மெல்லியதாகப் பூசி, 10 அல்லது 15 நிமிடம் ஊற விட்டு, மேலே நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்து எடுத்துவிட வேண்டும். அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. தடிமனாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். பழைய தோட்ட வீடுகளின் மரச் சுவர், கதவு ஆகியவற்றில் உள்ள பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், குழந்தைகளை அருகில் விடாமல் இருப்பதும் அவசியம்.

எண்ணெயைக் குறை சொல்லி ஒதுக்க வேண்டியதில்லை. தாத்தாவின் நாற்காலி எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. இந்த ஆண்டும் அப்பா அதற்கு எண்ணெய் பூசுவார். ஆனால் மேசையில் எண்ணெய் டின்னைத் திறப்பதற்கு முன்பே வாசலில் தண்ணீர் நிரப்பிய மைலோ டின் ஒன்று தயாராக இருக்கும். உங்கள் வீட்டிலும் துணியை எங்கே போடுவது என்பதை முடிவு செய்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.